வலது காதுப் பக்கம்

அம்பத்தூர்,
2.9.2024

அன்புள்ள சிட்டம்மாளுக்கு,

மார்த்தாள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே மகள் நிஷா, மருமகன் வசந்த்குமார், பேரப்பிள்ளை எல்லோரும் சுகம். நான் மட்டும் நோயாளி ஆகிவிட்டேன்.

போனில் சொல்லலாம் என்றால் உனக்கு எங்கே கேட்கிறது? போன முறை நான் சர்க்கரை என்று கத்த, நீ "வாங்கி வெச்சிக்கினேன், ஒரு கிலோ" என்றாய். உன் இடது காது சின்ன வயதிலேயே சீழ் வடிந்து செத்துப்போனது. வலது காதும் பக்கத்தில் நின்று கத்தினால்தான் வேலை செய்யும். அதனால்தான் கடிதம். ஐந்தாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

ஊரில் இருந்தவரை எனக்குத் தலைவலி தவிர வேறொன்றும் வந்ததில்லை. பிரசவம் பார்க்க இங்கே வந்து மூன்று மாதம். ஏழு கிலோ கூடியிருக்கிறேன். பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்தில் நிஷா எனக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாள். சர்க்கரையாம், பிரஷராம். அந்த டாக்டர் பெண் என்னைப் பார்த்து, "பாட்டி, உடம்ப அசைக்கறதே இல்ல போல. எக்சர்சைஸ் பண்ணணும்" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் கழனியில் குனிந்து நட்டவளைப் பார்த்துச் சொல்கிறாள், சிட்டு. எனக்கு வந்த கோபத்தில் பிரஷர் இன்னும் ஏறியிருக்கும்.

மொட்டைமாடியில் தரையில் எட்டு வரைந்து வைத்திருக்கிறார்கள். அதன் மேலேயே சுற்றிச் சுற்றி நடக்க வேண்டுமாம். இருபது சுற்று சுற்றினாலும் எட்டிலேயேதான் இருக்கிறேன். தண்ணீர்க் குடம் நிரம்பவில்லை, புல்லுக்கட்டு வரவில்லை. எதிரே பூங்காவில் பத்துப் பேர் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். அது சிரிப்புப் பயிற்சி. நிஷா என்னை ஒருநாள் அங்கே நிறுத்தினாள். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. எனக்கு இந்த உடற்பயிற்சி என்கிற பேரே பிடிக்கவில்லை.

சம்பா நடவு ஆரம்பித்திருப்பீர்கள். தாமோதரன் கழனி முடிந்ததா? வரிசையில் என் இடத்தில் யார்? உன் வலது காதுப் பக்கம் முப்பத்திரண்டு வருஷமாக என் இடம் என்பதை மங்கம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவை. நீ நடுவில் நில். வரப்போரம் நிற்காதே, நண்டு வளையைக் கண்டாலே உனக்குப் பாம்பு ஞாபகம் வந்து நாற்றை நழுவ விடுவாய். தை மாதம் நவரை நடவுக்கு நான் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மார்த்தாள்


மானாம்பதி,
11.9.2024

அன்புள்ள மார்த்தாவுக்கு,

சிட்டம்மாள் எழுதுவது. இங்கே நான், மழை, கொசு மூவரும் நலம். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எட்டின் மேல் நீ நடப்பதை நினைத்து மாடு கறக்கும்போது சிரித்துவிட்டேன், மாடு உதைத்தது.

தாமோதரன் வீட்டுக் கழனி போன வாரம் முடிந்தது. நடவு மிஷின் கொண்டுவந்து பார்த்தார். ஏரிப் பாய்ச்சல் பள்ளத்தில் அது இடுப்பளவு இறங்கி உட்கார்ந்துவிட்டது. அதை டிராக்டர் கட்டி இழுத்தார்கள். கடைசியில் நம் கைதான்.

ஒரு புதுச் சேதி. அவர் சம்சாரம் சசிரேகா அம்மா இப்போது நம்மோடு நடவு நடுகிறாள். ஆமாம், அதே சசிரேகாதான். குடை பிடித்து வரப்பில் நின்று "ஏன்டி, எட்டி எட்டி வெக்கிறீங்க" என்று கேட்பாளே, அவள்.

அவளுக்கும் சர்க்கரை. எண்பத்து நான்கு கிலோ. உத்திரமேரூர் டாக்டர் நடக்கச் சொன்னாராம். ஏரிக்கரையில் நடந்தால் நாய் துரத்துகிறது. உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள் வாங்கினார்கள், அதில் இப்போது துண்டு காய்கிறது. ஏதோ வீடியோவில் குனிந்து நிமிர்கிற ஆசனம் பார்த்தாளாம். "இத்தத்தானே நம்ம கழனில பண்ணிக்கினு கீறாங்க" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். முதல் நாள் மூன்று முறை விழுந்தாள். இரண்டாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளும் வந்தாள்.

கை சுறுசுறுப்புதான். நான்கு நாற்றுக்கு மேல் ஒரு குத்தில் வைக்கிறதில்லை. எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். எல்லோருக்கும் சுண்டல் கொண்டுவருகிறாள்.

பிள்ளைக்கு நலங்கு மாவு அனுப்பியிருக்கிறேன். நீயும் பூசிக்கொள், வெள்ளையாகலாம்.

இப்படிக்கு,
சிட்டம்மாள்


அம்பத்தூர்,
18.9.2024

சிட்டம்மாளுக்கு,

நலங்கு மாவு வந்தது. பிள்ளைக்குப் பூசினேன். எனக்கு ஏற்கெனவே உடம்பெல்லாம் எரிகிறது, அதன் மேல் வேறு பூச வேண்டாம்.

உனக்குப் பக்கத்தில் என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பக்கம்? வலதா, இடதா? பதினோரு பேர் நிற்கிற வரிசையில் அந்த அம்மாளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? மங்கம்மா பக்கத்தில் நிற்கக் கூடாதா? மங்கம்மாவுக்கு இரண்டு காதும் கேட்குமே.

இந்த அநியாயத்தைக் கேள். நான் குனிந்தால் அது கூலி வேலை. அவள் குனிந்தால் அது எக்சர்சைஸ். எனக்கு மருந்தாக இருந்த சேறு அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவளுக்குச் சொன்ன தண்டனையை நான் ஆறாவது மாடியில் அனுபவிக்கிறேன். அவளுக்குப் போரடித்தால் வீட்டுக்குப் போய்க் காற்றாடி போட்டுப் படுப்பாள். எனக்குப் போரடிக்கிறதா என்று என்றைக்காவது யாராவது கேட்டிருக்கிறார்களா?

இன்னொன்று. குத்துக்கு நான்கு நாற்று வைப்பது பெரிய கெட்டிக்காரத்தனமா? உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில் நீ கீரை விதைக்கிற மாதிரி கொத்துக் கொத்தாக வைப்பாய். தாமோதரனுடைய அப்பா திட்டாமல் இருக்க உன் வரிசையையும் சேர்த்து நான் திருத்தினேன். அதெல்லாம் சுண்டலில் மறந்துபோனதா?

எனக்கு வயிறு எரிகிறது, சிட்டு. ஒளித்து என்ன ஆகப்போகிறது.

நேற்று நிஷா என் போனில் எத்தனை அடி நடக்கிறேன் என்று காட்டுகிற ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பத்தாயிரம் வர வேண்டுமாம். ராத்திரி பார்த்தால் நானூற்று இருபது. "இன்னாம்மா இது, குழந்தைகூட இத விட உருளுது" என்கிறாள்.

பதில் போடு. எந்தப் பக்கம் என்பதை முதல் வரியில் எழுது.

மார்த்தாள்


மானாம்பதி,
6.10.2024

அன்புள்ள மார்த்தாவுக்கு,

முதல் வரியில் மழைச் செய்தி எழுதுகிறேன். இரண்டு நாளாக நல்ல மழை. உன் வீட்டு ஓட்டில் ஒழுக்கு இல்லை, போய்ப் பார்த்தேன். உன் கோழி இரண்டும் என் வீட்டில்தான் இருக்கின்றன. அதில் சிவப்புக் கோழிக்கு உன்னைப் போலவே கோபம், கையைக் கொத்துகிறது.

களை எடுக்கவும் சசிரேகா அம்மா வந்துவிட்டாள். ஆறு கிலோ குறைந்திருக்கிறாளாம். மத்தியானம் சோறு தின்கிற நேரத்தில் மங்கம்மா என் காதில் கத்திச் சொன்னாள். பழைய ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, முகமே மாறிவிட்டது. வீட்டுக்கு வந்த அவள் மருமகன் அடையாளம் தெரியாமல் "சித்தியா?" என்று கேட்டாராம். வரப்பில் நம்மோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நாங்கள் எல்லோரும் முதலில் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டோம். "உட்காருங்கடி, நான் இன்னா புலியா?" என்றாள். ஜெயம்மாள் மட்டும் இன்னும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள்.

என்னிடம் ரொம்பப் பிரியம். எனக்குக் காது மிஷின் வாங்கித் தருகிறேன் என்கிறாள். செங்கல்பட்டில் அளவெடுப்பார்களாம். அது வந்தால் இரண்டு காதும் ஒன்றாகிவிடும். எந்தப் பக்கம் யார் நின்றாலும் சரிதான், இல்லையா?

நீ அடுத்த தரம் எத்தனை அடி நடந்தாய் என்று எழுது. சசிரேகா அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கலாம்.

சிட்டம்மாள்


அம்பத்தூர்,
14.10.2024

சிட்டம்மாளுக்கு,

உன் கடிதத்தை நிஷா எடுத்துப் படித்துவிட்டு, "ஆன்ட்டி செம காமெடிம்மா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ பக்கம் எதுவென்று சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே தெரிந்துவிட்டது. என் சர்க்கரையும் என் அடிக்கணக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆகியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் செத்த வாரம் நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். நீதான் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் வரிசையில் நிறுத்தினாய். "நீ பேசலேன்னா எனக்கு இன்னாடி கேக்கப்போவுது" என்றாய். அன்றைக்கு நான் நட்டது பாதி கோணல். நீ அதையும் சேர்த்துத் திருத்தினாய். அந்த இடத்தில்தான் இன்றைக்கு அவளை நிறுத்தியிருக்கிறாய்.

உன் காதில் கத்திக் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இனிமேல் மிஷின் வரும், மெதுவாகப் பேசுகிறவளாகவே வைத்துக்கொள். நவரைக்கு நான் வரவில்லை. கோழிகளை நீயே வைத்துக்கொள். எனக்கு இனி எழுதாதே.

மார்த்தாள்


அம்பத்தூர்,
24.11.2024

அன்புள்ள சிட்டம்மாளுக்கு,

எழுதாதே என்றால் எழுதாமலே இருந்துவிடுவதா? நாற்பது நாள் ஆகிறது. தினமும் கீழே செக்யூரிட்டி ஜானிடம், தபால் உண்டா என்று கேட்கிறேன். அவரும், "லைட் பில்தான் வந்துகீதும்மா" என்கிறார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் பிள்ளையின் கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. வலியைக் கண்டு இல்லை, சிட்டு. நான் ஊருக்கு வந்து வரிசையில் நிற்கிறேன், எனக்குக் குனிய வரவில்லை, அந்த அம்மாள் பக்கத்தில் சரசரவென்று நட்டுக்கொண்டு போகிறாள், நீ அவளோடு பின்னாலேயே நகர்ந்து போய்விடுகிறாய். அப்படி ஒன்று கண்ணுக்குள் வந்துவிட்டது.

மறுநாள் காலை துணி மாட்டுகிற கிளிப் ஒரு கூடை நிறைய எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். ஆறாவது மாடி வராந்தா நீளமானது, சதுரச் சதுரமாகக் கல் பதித்தது. புடவையைச் செருகிக்கொண்டு குனிந்தேன். ஒரு கல்லுக்கு ஒரு கிளிப். வைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன், நடவு மாதிரியே. முதல் நாள் நான்கு கல். மூச்சு வாங்கியது. அடுத்த நாள் ஆறு. ஒருநாள் பின்னாலேயே போய் யாருடைய செருப்பு அலமாரியிலோ உட்கார்ந்துவிட்டேன். கேமராவில் பார்த்துவிட்டு ஜான் ஓடிவந்து, "இன்னா தொலைச்சிட்டீங்கம்மா, நானும் தேடட்டா?" என்றார். நிஷா, "ஏம்மா மானத்த வாங்குற, ஒழுங்கா எட்டு நடக்கக் கூடாதா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் விடவில்லை. எட்டின் மேல் நடக்கையில் எப்போது முடியும் என்று இருக்கும். இதில் அப்படி இல்லை. உன் பேரையும் அவள் பேரையும் சொல்லித் திட்டிக்கொண்டே வைப்பேன், வராந்தா முடிந்துவிடும். இப்போது காலையில் இரண்டு முறை, சாயங்காலம் இரண்டு முறை. எதிர் வீட்டு டீச்சரம்மா பவளம் ஒரு வாரம் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கும் வாக்கிங்னா வேப்பங்காய். இதச் சொல்லிக்குடுங்க" என்று வந்துவிட்டார். ஷீபா என்று ஒரு பெண், இன்னொரு அம்மாள் என்று இப்போது நான்கு பேர் குனிகிறோம். அவர்களுக்கு நேராக வைக்கவே வராது, நான்தான் திருத்துகிறேன்.

நேற்று ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன். டாக்டர் பெண் என்ன செய்தீர்கள் பாட்டி என்று கேட்டாள். பொறாமைப்பட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மருந்து சாப்பிட்டேன் என்றேன்.

என்னால் முழுக் கழனி நட முடியுமா என்று இன்னும் தெரியாது. வராந்தாவில் சேறு இல்லை, காலை இழுக்காது. ஆனாலும் வர வேண்டும் என்று இருக்கிறது. உன் பக்கத்தில் இடம் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. இல்லை என்றாலும் பரவாயில்லை, நான் மங்கம்மா பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

கோழிகள் நலமா?

உன் மார்த்தாள்


மானாம்பதி,
19.12.2024

அன்புள்ள மார்த்தாவுக்கு,

கோழிகள் நலம். சிவப்புக் கோழி அடை உட்கார்ந்து ஒன்பது குஞ்சு பொரித்தது. மற்றபடி யாரும் நலமில்லை.

எழுதாதே என்றாய், எழுதவில்லை. எனக்கு மட்டும் ரோஷம் இருக்கக் கூடாதா? உன் நவம்பர் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கும் ஏன் பதில் போடவில்லை என்றால், அதில் ஒரு பவளம் இருக்கிறாள், ஒரு ஷீபா இருக்கிறாள், பேர் இல்லாத ஒருத்தி இருக்கிறாள். நீ அவர்களுக்கு நேராக வைக்கச் சொல்லிக் கொடுக்கிறாயாம். அதைப் படித்த அன்று நான் அடுப்பில் சோற்றைத் தீய விட்டேன். குனியும்போது உன் இடது பக்கம் நிற்கிறது யார்? அந்த டீச்சரா? முப்பத்திரண்டு வருஷம் அங்கே நின்றவள் நான். உனக்கு எரிந்தது போலத்தான் எனக்கும் எரிந்தது. சரிக்குச் சரியாகிவிட்டது, இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சசிரேகா அம்மா நின்றது என் இடது பக்கம். முதல் நாள் அவள் இறங்கி வந்தபோதே கையைக் காட்டி அங்கே நிறுத்திவிட்டேன். வலது பக்கம் வேறு யாராவது வந்து நின்றுவிடப் போகிறார்களே என்று, வரிசையிலேயே கடைசி ஆளாகப் போய்விட்டேன். சம்பா நடவு முழுக்க எனக்கு வலது பக்கம் வரப்புதான் இருந்தது. ஆமாம், வரப்போரம்தான். நண்டு வளைதான். இரண்டு தரம் தண்ணீர்ப் பாம்பு காலோரம் போனது. கையிலிருந்த நாற்றுக் கட்டைப் போட்டுவிட்டு நான் கத்தியதில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்துபோனது. ஆனாலும் இடம் மாறவில்லை.

அந்த அம்மாள் இடது பக்கம் நின்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசுவாள். சிரிப்பாள். ஒருநாள் அழுதாள்கூட. எனக்கு ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் முகம் பார்த்து "ம்" என்றேன், "அடப்பாவமே" என்றேன். அவள் என்னவென்றால் மங்கம்மாவிடம் போய், "இந்த ஊர்லயே என் மனசு தெரிஞ்சவ சிட்டம்மா ஒருத்திதான்" என்று சொல்லியிருக்கிறாள். மங்கம்மா அதை வலது காதில் கத்திச் சொன்னபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாவம், நல்ல மனுஷி. காது மிஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிஷின் வைத்து, அவள் இத்தனை நாள் சொன்னதை எல்லாம் திரும்பக் கேட்டால் நான் என்ன செய்வேன்?

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீ லிஃப்ட் வைத்த வீட்டுக்குப் போய்விட்டாய். பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு எங்களை எல்லாம் மறந்துவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருந்தது. எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று நீ கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. இன்னும் ஒரு கடிதம் கேட்கட்டும் என்று இழுத்தேன். அது உன்னை அழ வைக்கும் என்று தெரியாமல் போயிற்று. உன் வீட்டுக்காரர் செத்த வாரத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்து நானும் அழுதேன். உன் அடிக்கணக்கை நான் யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை, மார்த்தா. சும்மா எழுதினேன்.

பொங்கல் முடிந்து எட்டாம் நாள் தாமோதரன் கழனியில் நவரை நடவு. சசிரேகா அம்மா இடது பக்கம் என்று இப்போதே எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டேன். அவளும் எழுபத்து மூன்று கிலோ, நீயும் இளைத்து வருகிறாய். நடுவில் நான்தான் பெருத்துக்கொண்டு வருகிறேன், சுண்டல் தின்று தின்று.

முழுக் கழனி நட முடியுமா என்று தெரியாது என்று எழுதியிருந்தாய். முடிந்தால் நடு. குனிய வராவிட்டாலும் வா. நான் இந்தத் தரமும் கடைசியில்தான் நிற்கப்போகிறேன். வலது பக்கம் வரப்பு இருக்கிறது, உட்கார்ந்துகொண்டு பேசு. ஆறு மாதமாக எனக்கு யார் குரலும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டு வாசலில் விளக்கு வைக்கிறேன். பிள்ளைக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் சிட்டம்மாள்

பின்குறிப்பு: அந்தக் கிளிப் கூடையையும் எடுத்துக்கொண்டு வா. டீச்சரிடம் விட்டுவிட்டு வராதே.